பயத்துக்கு மிமுலஸ், பிரிவுக்கு ஹனிசக்கிள்: நெய்வேலியும் மலர் மருத்துவமும்

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு லார்ச். இருட்டைக் கண்டு நடுங்குகிறவளுக்கு மிமுலஸ். நைட் ஷிப்ட் போன கணவர் வீடு திரும்பும்வரை கண் மூடாத மனைவிக்கு ரெட் செஸ்ட்நட். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் ஒடுங்கும் நாய்க்கு ரெஸ்க்யூ ரெமடி. ‘மலர் மருத்துவம்’ என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கும் இந்தச் சின்னப் புட்டி வைத்தியத்துக்கு நெய்வேலியிலும் ஆள் இருக்கிறது. ஹோமியோபதி மருந்துக் கடையில் வெள்ளைச் சீனி உருண்டைகளின் மேல் சில சொட்டுகள் விட்டுக் குலுக்கித் தருவார்கள். இனிப்பாக இருக்கும்; குழந்தைகள் அடம் பிடிக்காமல் சாப்பிடும். விலையும் கையைக் கடிக்காது.

இது வேலை செய்கிறதா? பதிலைச் சுற்றி வளைக்காமல் இங்கேயே சொல்லிவிடலாம். புட்டிக்குள் இருக்கும் திரவம் தனியாக எதையும் சாதிப்பதாக நல்ல ஆய்வு எதுவும் காட்டவில்லை. ஆனாலும் வாங்கியவர்கள் திரும்பவும் வருகிறார்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஏமாளிகள் என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். பயம், துக்கம், கோபம், குற்ற உணர்வு என்று பேச இடம் கிடைக்காத ஒரு தொழில் நகரத்தில் இந்தப் புட்டிகள் எந்த வேலையைச் செய்கின்றன என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

பட்டறையில் இருந்து வந்த டாக்டர்

இந்த முறையை உருவாக்கிய எட்வர்ட் பாக், 1886-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமை ஒட்டிய மோஸ்லியில் பிறந்தவர். அப்பாவுக்குப் பித்தளை வார்ப்படப் பட்டறை. மருத்துவம் படிக்கப் போகுமுன் பாக் சில ஆண்டுகள் அங்கேதான் வேலை பார்த்தார். உடம்பு படுத்துக்கொண்டால் கூலி போய்விடும், வைத்தியச் செலவு வேறு என்று கூட வேலை பார்த்தவர்கள் தவித்ததை அங்கே பார்த்ததாக, அவருடைய உதவியாளர் நோரா வீக்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரிடம் இதைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

1912-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் டாக்டர் பட்டம் பெற்று, பாக்டீரியா ஆராய்ச்சியில் இறங்கினார். 1917-ல் வேலைக்கு நடுவே மயங்கி விழுந்தார். அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் மூன்று மாதம்தான் என்றார்கள். அவர் அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் இருந்தார். 1919-ல் லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்தது அவருடைய பாதையை மாற்றியது. 1930-ல் நன்றாக நடந்துகொண்டிருந்த லண்டன் கிளினிக்கை மூடிவிட்டு, செடிகளைத் தேடிக் கிராமப்புறத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவருடைய தேடல் முறை ஒரு சித்தரின் கதையைப் போலத்தான் இருக்கும். ஒரு மனநிலை தன்னையே பிடித்து ஆட்டும்வரை அதில் இருப்பார். பிறகு வயலிலும் வேலியோரத்திலும் அலைந்து, எந்தப் பூவின் அருகில் மனம் இளகுகிறதோ அதுவே அந்த மனநிலைக்கு மருந்து என்று முடிவு செய்வார். 1935-ல் சில மாதங்களுக்குள் 19 மருந்துகளை இப்படிக் கண்டுபிடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது ஆள் கிடையாது, மருந்தில்லாத புட்டியும் கிடையாது. பாக்டீரியாவோடு அத்தனை கறாராக இருந்த மனிதர், பூ என்று வந்ததும் தன் உள்ளுணர்வை மட்டும் சாட்சியாக வைத்தார். 1936 நவம்பரில், 50 வயதில் இறந்தார். கடைசியாக வாழ்ந்த மவுண்ட் வெர்னன் என்ற சிறிய வீடு ஆக்ஸ்போர்ட்ஷயரில் இன்றும் பாக் மையமாக இயங்குகிறது.

மொத்தம் 38 மருந்துகள். எல்லாமே பூ என்று நினைக்க வேண்டாம். செஸ்ட்நட் பட் என்பது மொட்டு. ராக் வாட்டர் வெறும் ஊற்றுத் தண்ணீர். பொறுமையற்றவர்களுக்கான இம்பேஷன்ஸ், இமயமலைச் செடி. 1839 வாக்கில் தோட்ட அழகுக்காக இங்கிலாந்துக்குப் போனது. நம் வீட்டு வாசலில் மழைக்காலத்தில் முளைக்கும் காசித்தும்பைக்கு நெருங்கிய சொந்தம். முற்றிய காயை விரலால் லேசாகத் தொட்டால் போதும், தோல் சடாரென்று சுருண்டு விதைகளைத் தூர வீசும். சிறுவயதில் அதை வெடித்து விளையாடாதவர்கள் குறைவு. அவசரக்காரருக்கு அவசரக்காரச் செடி என்ற கணக்கு போலிருக்கிறது. இங்கிலாந்து ஆற்றங்கரைகளில் இன்று அந்த இமயமலைச் செடி ஊரையே வளைத்துப் போடும் களை. ஆட்கள் கும்பலாகப் போய்ப் பிடுங்கி எறிகிறார்கள்.

ஒரு சொட்டின் கணக்கு

தயாரிப்பு முறை எளிது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்று நீர், அதன்மேல் பூக்கள், மூன்று மணி நேரம் நல்ல வெயில். மரத்துப் பூக்கள் பலவற்றைக் கொதிக்க வைப்பார்கள். பூவை எடுத்துவிட்டுத் தண்ணீரில் சரி பாதி பிராந்தி ஊற்றினால் தாய்க் கரைசல். அதில் 2 சொட்டை 30 மில்லி பிராந்தியில் விட்டால் கடையில் விற்கும் புட்டி. அந்தப் புட்டியிலிருந்து 2 சொட்டு எடுத்து 30 மில்லி தண்ணீரில் கலந்தால் நாம் சாப்பிடும் மருந்து. வேளைக்கு 4 சொட்டு, நாளுக்கு 4 வேளை.

ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கட்டத்திலும் மருந்து முந்நூறில் ஒரு பங்காகக் கரைகிறது. முதலில் சேர்த்த பிராந்தியையும் கணக்கில் எடுத்தால், வாயில் விழும் சொட்டில் பூ ஊறிய தண்ணீர் ஏறத்தாழ 1,80,000-ல் ஒரு பங்கு. நம் சித்த வைத்தியத்தில் ஆவாரம்பூவைக் கஷாயமாகக் காய்ச்சுவதற்கும், செம்பருத்தியை எண்ணெயில் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே பூவின் சாறு உள்ளே போகிறது. இங்கே போவதாகச் சொல்லப்படுவது பூவின் ‘ஆற்றல்’. பூவிலிருந்து வந்தது என்பதாலேயே இதை நாட்டு மருந்தோடு சேர்த்துப் பேசுகிறோம். அந்தச் சேர்க்கை தவறு. ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி என்று ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் வரும் முறைகளின் பட்டியலில் மலர் மருத்துவத்துக்கு இடம் இல்லை.

சமாளிக்கும் பழக்கங்கள்

பாக் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. மனிதர்கள் மனச்சுமையை எப்படியெல்லாம் சமாளிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். வலியைச் சிரிப்பால் மூடிக்கொண்டு, கூட்டத்தில் கலகலப்பாக இருந்துவிட்டு, ராத்திரி தனியாகப் புழுங்குகிறவருக்கு அவர் வைத்த பெயர் ஆக்ரிமோனி. இந்த ரகத்து ஆட்கள் குடியில் ஆறுதல் தேடக்கூடும் என்பதும் அந்த விவரணையில் உண்டு. யார் கேட்டாலும் மறுக்கத் தெரியாமல் ஓடி ஓடி உழைத்துக் களைக்கிறவர் சென்டாரி. இன்றைய நாளை விட்டுவிட்டுக் கனவில் வாழ்கிறவர் க்ளெமாடிஸ், பழைய நாளிலேயே வாழ்கிறவர் ஹனிசக்கிள். செய்த தவறையே திரும்பத் திரும்பச் செய்கிறவர் செஸ்ட்நட் பட். தன்னைத் தானே பட்டினி போட்டு வருத்திக்கொள்ளும் கறார்க்காரர் ராக் வாட்டர். பெற்ற பிள்ளைகளை அன்பாலேயே கட்டிப்போட்டு, ‘உனக்காக எவ்வளவு செய்தேன்’ என்று கணக்குச் சொல்லும் தாய் சிக்கரி. இந்தக் கடைசி ஆளைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். “ஏம்மா, பயம்னா எது மாதிரி பயம்? இன்னது என்று சொல்லத் தெரிகிற பயமா, காரணமே தெரியாத பயமா? உனக்காகப் பயப்படுகிறாயா, பிள்ளைக்காகவா?” பாக் முறையில் இவற்றுக்கு வெவ்வேறு புட்டி: தெரிந்த பயத்துக்கு மிமுலஸ், காரணம் புரியாத கலக்கத்துக்கு ஆஸ்பென், பிறருக்காகத் துடிப்பதற்கு ரெட் செஸ்ட்நட், பீதிக்கு ராக் ரோஸ், புத்தி பிசகிவிடுமோ என்ற பயத்துக்கு செர்ரி ப்ளம். சரியான புட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் அந்தப் பெண் தன் பயத்தை நின்று பார்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரை மணி நேரம் அவள் பேசுகிறாள், ஒருவர் குறுக்கிடாமல் கேட்கிறார். கூட்டம் நெரியும் வெளி நோயாளிப் பிரிவில் அவளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது.

சுரங்கத்து ஊரின் மனசு

நெய்வேலியை வெளியூர்க்காரர்கள் மரங்கள் நிறைந்த, அகலச் சாலைகள் உள்ள அமைதியான நகரியமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அது உண்மைதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கறுப்பாகப் பொங்கி வந்த பொருளில் தொடங்கி, 1956-ல் அதைத் தோண்டும் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961-ல் முதல் பழுப்பு நிலக்கரியை எட்டிய கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ், ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் மா, பலா, கொய்யா. மூன்று ஷிப்ட்.

இந்த ஏற்பாடு அதற்கே உரிய மனச்சுமைகளையும் கொண்டுவந்தது. ஷிப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் உடம்பின் தூக்கக் கணக்கு குழம்புகிறது. பகலில் அப்பா தூங்குகிறார் என்று வீட்டில் ரேடியோ முதல் குழந்தையின் விளையாட்டு வரை அடங்கிக் கிடக்கும். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்; முப்பது வருஷம் தண்ணீர் ஊற்றிய மாமரம் இன்னொருவருக்குப் போய்விடும். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். இந்திரா நகரிலும் வடலூரிலும் வீடு கட்டிக் குடியேறிய பல ஓய்வூதியக்காரர்களின் பேச்சு இன்னும் ‘எங்க வட்டத்தில’ என்றுதான் ஆரம்பிக்கும். பாக் பட்டியலின்படி அவர்களுக்கு ஹனிசக்கிள், கூடவே மாற்றத்தைத் தாங்க வால்நட்.

2020-ஐ இந்த ஊர் மறக்கவில்லை. மே 7-ந்தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 1-ந்தேதி, அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர். இரண்டாவது விபத்தில் முதல் நாளிலேயே 6 பேர் இறந்தார்கள். தீக்காயங்களோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் மேலும் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். கொரோனா ஊரடங்கு வேறு. அதற்குப் பிறகு ஷிப்டுக்குக் கிளம்பும் ஒருவரை வாசல்வரை வந்து அனுப்பும் வீட்டில், போன் எடுக்கத் தாமதமானால் எழும் படபடப்புக்கு ரெட் செஸ்ட்நட் என்று பெயர் வைக்கலாம். அந்தப் படபடப்பில் மனக்கோளாறு எதுவும் இல்லை. நடந்ததைப் பார்த்தவர்களுக்கு வரவேண்டிய நியாயமான பயம் அது.

வேலிக்கு வெளியே கதை வேறு. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமங்கள், வேலை கேட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருக்கும் குடும்பங்கள். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டுவதற்கு விளைந்து நின்ற நெற்பயிரின் மேல் இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த தமிழ்நாட்டுக்கே வயிறு எரிந்தது. வரப்பில் நின்று பார்த்தவருக்கு எந்தப் புட்டியைக் கொடுப்பது? மலர் மருத்துவத்தில் அதற்கும் விடை உண்டு: அதிர்ச்சிக்கு ஸ்டார் ஆஃப் பெத்லஹேம், மனக்கசப்புக்கு வில்லோ.

இந்த இடத்தில்தான் பாக்கோடு எனக்குப் பெரிய சண்டை. 1931-ல் அவர் எழுதிய ‘ஹீல் தைசெல்ஃப்’ என்ற சிறு நூல், நோய் என்பது ஆன்மாவுக்கும் மனதுக்கும் நடக்கும் மோதலின் விளைவு என்கிறது. உடம்பின் விறைப்புக்கு அகம்பாவம் காரணமாக இருக்கலாம் என்ற அளவுக்குப் போகிறது. நிலம் போனவரின் கசப்பை ‘வில்லோ நிலை’ என்று குறித்துக்கொண்டால், மாற வேண்டியது அவருடைய மனம் என்றாகிவிடுகிறது. இழப்பீடும் வேலையும் பேச்சிலிருந்தே காணாமல் போகின்றன. கசப்பு சில நேரங்களில் ஒரு மனிதரை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கும். அதைச் சொட்டு விட்டுக் கரைக்கக் கூடாது.

ஆய்வுகள் சொன்னது

பரீட்சை பயம் பற்றியே ஒரு நல்ல பரிசோதனை உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் வாலாக்கும் உடன் ஆய்வாளர்களும் 2001-ல் வெளியிட்டது. 61 பேர். சிலருக்கு மலர் மருந்து, சிலருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத புட்டி. எது யாருக்கு என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பரீட்சை பயம் இரு பக்கமும் குறைந்தது. இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. இஸ்ரேலில் கவனக்குறைவுக் கோளாறு உள்ள 40 குழந்தைகளிடம் 2005-ல் நடந்த சோதனையிலும் அதே கதை. பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் மாற்று மருத்துவங்களை ஆராய்ந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட், 2010-ல் அதுவரை வந்த 7 பரிசோதனைகளையும் சேர்த்து அலசினார். மருந்தில்லாப் புட்டியோடு ஒப்பிட்ட எந்தச் சோதனையிலும் மலர் மருந்து ஒரு படி மேலே வரவில்லை.

பயம் இரு பக்கமும் குறைந்தது என்பதை வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. நம்பிக்கையும் கவனிப்பும் ஒரு சடங்கும் சேர்ந்தால் மனம் கொஞ்சம் இறங்கி வரும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட் கேப்சக் 2010-ல் இன்னும் விசித்திரமான ஒன்றைக் காட்டினார். குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, ‘இதில் மருந்தே இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் கிடைத்தது என்றார்கள்; மாத்திரை எதுவும் வாங்காதவர்களில் அது 35 சதவீதம். நெய்வேலியில் சீனி உருண்டை சாப்பிட்டுப் பரீட்சை எழுதிய பிள்ளைக்குக் கை நடுக்கம் குறைந்தது என்று அம்மா சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை.

வாயில்லா ஜீவன்கள்

‘மனிதன் நம்பிக்கையால் குணமாகிறான் என்கிறீர்கள், நாய்க்கு என்ன நம்பிக்கை? அதற்கும் கேட்கிறதே!’ மலர் மருத்துவக்காரர்கள் எடுத்து வீசும் கடைசி அம்பு இது. நியாயமான கேள்விதான். விடை நாயிடம் கிடைக்காது, நாயின் சொந்தக்காரரிடம் கிடைக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கான்செமியஸும் ரிச்சர்ட் எவன்ஸும் மூட்டுவலி நாய்களை வைத்து 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்ட நாய்களின் நடையைக் கருவி வைத்து அளந்தார்கள். நாயின் கால் அப்படியே இருந்தபோதும், ‘இப்ப நல்லா நடக்குது’ என்று சொன்ன சொந்தக்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். கால்நடை மருத்துவர்களும் அதே மயக்கத்தில் விழுந்தார்கள். மருந்து கொடுத்துவிட்டோம் என்று நமக்கு நிம்மதி வருகிறது. நம் குரல் தணிகிறது, கை தணிகிறது. நாய் நம் முகத்தைப் படிக்கத் தெரிந்த பிராணி; நாம் அடங்கினால் அதுவும் கொஞ்சம் அடங்கும்.

வெடிச் சத்த பயத்துக்கு என்ன செய்தால் பலிக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி ரீமர் 1,225 நாய்களின் சொந்தக்காரர்களிடம் விவரம் வாங்கி 2020-ல் வெளியிட்டார். மலர் மருந்து, மூலிகை, ஹோமியோபதி போன்றவை உதவின என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில்தான். அது வெறும் நம்பிக்கையாலேயே வரக்கூடிய அளவு என்கிறார் ஆய்வாளர். சத்தம் வந்த உடனே பிடித்த தீனியைக் கொடுப்பது அல்லது விளையாட்டில் இழுப்பது உதவியது என்றவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். இந்தத் தகவல் நெய்வேலிக்குப் பொருத்தமானது. இங்கே மேல்மண்ணில் கடினமான பாறை குறுக்கிடும் இடங்களில் வெடி வைத்துத்தான் உடைக்கிறார்கள். சுரங்கத்தை ஒட்டிய கிராமத்து நாய்க்குத் தீபாவளி வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் வருவதில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் ஒரு துண்டு கருவாடு அல்லது கோழி. சில வாரங்களில் அந்தச் சத்தம் தீனிக்கான மணியாக மாற வாய்ப்பு உண்டு. கத்தித் திட்டுவதும் இழுத்து வெளியே கட்டுவதும் பயத்தைக் கூட்டும்.

மாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கன்று செத்துப்போன பசு பால் இறக்காது. உடம்பில் பால் இருக்கும். கன்று முட்டினால்தான் இறங்கும். மலர் மருத்துவப் பட்டியலில் இதற்கும் ஸ்டார் ஆஃப் பெத்லஹேம் உண்டு. நம் ஊரில் வேறு வழி இருந்தது. செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்துத் தைத்து, பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அது நக்கும், முகரும், கொஞ்ச நேரத்தில் காம்பில் பால் சொட்டும். மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரந்து பால் பையைச் சுருங்க வைக்கிறது என்று இன்றைய அறிவியல் அதை விளக்கும். தோல்கன்று செய்கிற நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பசுவுக்கு எது வேண்டும் என்று தெரியும். பார்ப்பதற்குக் கொஞ்சம் குரூரமான ஏற்பாடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மனிதர், மாடு, பறவை என்று பிரிக்காமல் எல்லா உயிரின் வாட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கும் மரபு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. நெய்வேலியின் பக்கத்து ஊரான வடலூரில்தான் 1867-ல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஜீவகாருண்யம் பேசிய அவர் முதல் வேலையாகப் பசியை எடுத்துக்கொண்டார். வாட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் எதுவோ அதில் கை வைத்தார்.

எங்கே ஆபத்து

சீனி உருண்டையால் நேரடியாகக் கெடுதல் வருவது அரிது. ஆனால் சில விஷயங்களில் கவனம் வேண்டும். மூலப் புட்டியில் இருப்பது பிராந்தி. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுகிறவர் அதில் ஒரு சொட்டையும் தொடுமுன் தன் டாக்டரிடம் கேட்க வேண்டும். நாய், பூனைக்கும் சாராயம் கலந்த புட்டி வேண்டாம். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த எந்த மிட்டாயும் சூயிங்கமும் நாய்க்கு விஷம். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று கடிக்க வருகிறது, இருட்டில் பதுங்குகிறது, விழுங்கத் திணறுகிறது என்றால் அது வெறிநோயாக இருக்கலாம். அருகே போகாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

பெரிய ஆபத்து, சொட்டு மருந்தை நம்பி நாள் கடத்துவது. பல வாரங்களாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாத குரல் காதில் கேட்கிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து போகிறது என்றால் அது மலர் மருந்துக் கடைக்குப் போகும் விஷயம் இல்லை. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்திக் கை நடுங்கிப் பிதற்றினால், அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. மனநல மாத்திரை சாப்பிடுகிறவரிடம், ‘அதை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடுங்கள்’ என்று யார் சொன்னாலும், அவர் சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

மலர் மருந்து கொடுக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஆட்கள் மனம் திறக்கிறார்கள். இந்த ஊரில் வேறு யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை சாதாரணமானது அல்ல. உங்கள் கைக்கு மீறிய நிலை என்று தெரிந்ததும் கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ, மனநல மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள். நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் விபத்து நடந்த வாரத்தோடு மனநல ஆலோசனையை மூட்டை கட்டிவிடாமல், ஒப்பந்தத் தொழிலாளர் வீடுகள் வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

அதுவரை கையில் போன் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் அழைத்தாலும் எடுப்பார்கள்.